பிள்ளைக்கு ஆபரேஷன்: பக்கத்திலா, ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் தொடங்கும் முதல் பேச்சு ஊரைப் பற்றியதுதான். மார்த்தாண்டத்திலேயே முடித்துவிடலாமா, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, எதற்கு வம்பு என்று நேராகத் திருவனந்தபுரத்துக்கே வண்டியை விடலாமா? அப்பா ஒன்று சொல்வார், தாய்மாமன் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு டீச்சர் இன்னொன்று சொல்வார். ஆளுக்கொரு சர்ஜன் பெயர் கையில் இருக்கும்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் சிஸ்டராக நின்றவள். அதனால் சொந்தக்காரர்கள் கடைசியில் எனக்குத்தான் போன் போடுவார்கள். "அத்தை, நல்ல சர்ஜன் யாரு?" என்பார்கள். "மயக்கம் குடுக்கது யாரு? ராத்திரி பிள்ளை எங்க படுக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இந்த இரண்டையும் யாரும் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

குடலிறக்கம், விதை இறங்காமல் இருப்பது, டான்சில், சுன்னத் போன்ற ஆபரேஷன்களில் கத்தியால் வரும் ஆபத்து குறைவு. பிரச்சினை வந்தால் பெரும்பாலும் மூச்சில்தான் வரும். மயக்கம் கொடுக்கும்போதோ, தெளியும்போதோ, அன்று ராத்திரி வார்டிலோ வரும். ஆகவே எந்த ஊர் நல்லது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டால் சொல்லலாம்.

மூச்சு ஏன் முதலில் வருகிறது

சின்னப் பிள்ளையின் உடம்பு, எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கிறது. மயக்கத்தில் நுரையீரலில் மிஞ்சியிருக்கும் காற்றோ கொஞ்சம்தான். சின்ன டேங்க், பெரிய குழாய். மூச்சு நின்றால் பெரியவருக்கு நிமிடக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்; கைக்குழந்தைக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது, மானிட்டரில் ஆக்சிஜன் எண் மளமளவென்று இறங்கும். மூச்சுக்குழாயும் குறுகலானது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் காற்று போகும் வழியில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். இது போதாதென்று, எச்சிலோ சளியோ ஒரு சொட்டு தொட்டால் குரல்வளை இறுகிப் பூட்டிக்கொள்ளும் பழக்கமும் பிள்ளைகளுக்கு அதிகம். கை பழகிய மயக்க டாக்டர் மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிஜனை அழுத்திக் கொடுத்து, தேவைப்பட்டால் ஊசி போட்டு அதைத் திறந்துவிடுவார். பழகாத கையில் அதே விஷயம் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

ஐரோப்பாவில் 33 நாடுகளில், 261 மருத்துவமனைகளில், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. மயக்கத்தின்போதும் அதையொட்டியும் கடுமையான சிக்கல் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு வந்தது. அதில் மூச்சு சம்பந்தப்பட்டது மட்டும் 3 பேருக்கு. வயது ஒவ்வொரு வருடம் கூடக்கூட ஆபத்து குறைந்துகொண்டே போனது. மயக்கக் குழுவில் மூத்தவரின் அனுபவம் கூடினாலும் குறைந்தது. கட்டிடத்தின் உயரம் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வு, நமக்கு இன்னும் நேரடியாக உதவும். சின்னது பெரியது எல்லாம் சேர்த்து 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மூச்சுச் சிக்கல் வந்திருக்கிறது. யாருக்கு அதிகம் வந்தது? கடந்த இரண்டு வாரத்துக்குள் சளி பிடித்தவர்கள், ராத்திரியில் வறட்டு இருமல் உள்ளவர்கள், ஓடி விளையாடினால் இழுப்பு வருபவர்கள், ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வீசிங் வந்தவர்கள், தோலில் கரப்பான் உள்ளவர்கள், வீட்டில் ஆஸ்துமாவோ அலர்ஜியோ புகைப்பழக்கமோ இருப்பவர்கள். இவை எல்லாமே தாய் வாயிலிருந்து ஐந்து நிமிடத்தில் கேட்டு அறியக்கூடியவை. ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற மயக்க டாக்டர் கொடுத்தபோது சிக்கல் குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு.

இந்த இடத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரி சோமர்வெல் டாக்டர் எனக்கு ஞாபகம் வருவார். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆள், திரும்புகிற வழியில் நெய்யூரைப் பார்த்துவிட்டு இங்கேயே சர்ஜனாக வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் மலைக்குப் போனார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறி இறங்கும்போது, குளிரில் புண்ணாகியிருந்த தொண்டைச் சவ்வு உரிந்து குரல்வளையை அடைத்துவிட்டது. உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அமுக்கி, அதை வெளியே துப்பிப் பிழைத்தார். வளர்ந்த மனிதர், அதுவும் டாக்டர், அதனால் முடிந்தது. மயக்கம் பாதி தெளிந்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் முடியாது. யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று இடங்களும் எப்படி வேறுபடுகின்றன

பக்கத்து தனியார் மருத்துவமனையில் இருக்கும் வசதி எல்லாருக்கும் தெரியும். பாட்டி சோறு கொண்டுவரலாம், தேதி சீக்கிரம் கிடைக்கும், டாக்டர் தெரிந்தவர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிறிய மருத்துவமனைகளில் மயக்க டாக்டர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர். காலையில் இங்கே, பத்து மணிக்கு வேறு இடத்தில், மதியம் மூன்றாவது இடத்தில். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் சாயங்காலம் பிள்ளை திணறினால் கூப்பிட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். "ஐ.சி.யூ. இருக்கு" என்று போர்டு இருப்பதையும் நம்பிவிடக் கூடாது. அது பெரியவர்களுக்கானதாக இருக்கலாம். பிள்ளைகளுக்கான ஐ.சி.யூ., அதாவது பி.ஐ.சி.யூ., வேறு. பத்து கிலோ பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு ஏற்ற டியூப் சைஸ், அந்த எடைக்கு மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர், பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி மருந்தைத் தப்பாமல் போடத் தெரிந்த சிஸ்டர், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வரும் குழந்தை டாக்டர், இவ்வளவும் சேர்ந்ததுதான் அது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "பச்சைக்குழந்தை ஐ.சி.யூ. இருக்கே" என்பார்கள். என்.ஐ.சி.யூ. என்பது பிறந்த குழந்தைகளுக்கானது. வீட்டுக்குப் போய்விட்டு மூன்றாவது மாதம் ஆபரேஷனுக்கு வரும் குழந்தையைத் தொற்றுக்குப் பயந்து பல இடங்களில் அங்கே சேர்க்க மாட்டார்கள். அப்போது அந்தக் குழந்தைக்கு எந்தப் படுக்கை? இதை முன்னாலேயே கேட்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளத்தில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூட்டம், வரிசை, தேதிக்குக் காத்திருப்பு எல்லாம் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைப்பதே சிரமம். ஆனால் மயக்கவியல் துறையும் குழந்தைகள் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ராத்திரி டூட்டிக்கும் ஆள் உண்டு. மூச்சு விஷயத்தில் இது பெரிய காரியம். என் கணக்கில் ஏசி அறையைவிட இதற்குத்தான் மார்க் அதிகம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பிள்ளையின் வயதுக்கும் நோய்க்கும் அங்கேயே செய்வார்களா, இல்லை திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுப்பார்களா? ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஒரு மாதம் மிச்சம்.

திருவனந்தபுரம் நமக்கு அந்நிய ஊர் கிடையாது. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்–கொச்சிதான். வியாதி கடுமையானால் மேற்கே போவது எல்லைக்கோட்டைவிடப் பழைய பழக்கம். அங்கே தாய்க்கும் பிள்ளைக்குமான அரசு எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது, இருதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் இருக்கிறது, தனியாரும் நிறைய. பி.ஐ.சி.யூ.வில் மற்ற இரண்டு இடங்களைவிட அங்கே தேர்வு அதிகம். குறை தூரம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசல் வரிசையாக நிற்கும். சும்மா போகவே இரண்டு மணி நேரம் ஆகும். இதில் முக்கியமானது, நலமாக இருக்கும் பிள்ளையை முன்கூட்டியே அங்கே கொண்டுபோவதும், மூச்சுத் திணறும் பிள்ளையை ஆம்புலன்ஸில் டியூபோடு கொண்டுபோவதும் ஒன்றாகாது. ஓடும் வண்டிக்குள் டியூப் நழுவினால் சரிசெய்வது தியேட்டரில் சரிசெய்வதைப் போல இருக்காது. "இங்கே செய்வோம், ஏதாவது ஆனால் அங்கே கொண்டுபோவோம்" என்ற திட்டம்தான் நான் கேட்டதிலேயே மோசமானது. சில பிள்ளைகளுக்கு அந்த "ஏதாவது" வர வாய்ப்பு உண்டு என்று முன்னாலேயே தெரியும். அவர்களை முதலிலேயே அங்கே கொண்டுபோக வேண்டும்.

இனி பிள்ளைகளைப் பார்ப்போம்

ஐந்து வயது, நல்ல எடை, இழுப்பு கிடையாது, மாதம் நிறைந்து பிறந்தவன், குடலிறக்க ஆபரேஷன். இவனைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகளுக்கு அடிக்கடி மயக்கம் கொடுக்கும் டாக்டர் இருந்தால் பக்கத்து ஊரே போதும். காலையில் செய்து சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. காப்பீட்டு அட்டை இருந்தால் ஆசாரிப்பள்ளம். இரண்டில் எது என்பதை உங்கள் வேலை, விடுப்பு, பணம் முடிவு செய்யட்டும்.

குறைமாதக் குழந்தை என்றால் கதை வேறு. இந்தக் குழந்தைகளுக்குக் குடலிறக்கமும் அதிகம், மயக்கத்துக்குப் பிறகு மூச்சே எடுக்காமல் நிறுத்திவிடும் பழக்கமும் அதிகம். தெளிந்து, பால் குடித்து, தூங்கி, அப்புறம் சில மணி நேரம் கழித்துக்கூட நிற்கும். அதனால் வயதை எப்படி எண்ணுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது 12 வாரம் என்றால் கணக்கு 44 வாரம். இந்தக் கூட்டுத்தொகை 60ஐத் தாண்டும் வரை, ஆபரேஷன் எவ்வளவு சின்னதானாலும் அன்று ராத்திரி மானிட்டரில் படுக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் இந்த எல்லை கொஞ்சம் முன்னே வரும். ரத்தசோகை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "சின்ன ஆபரேஷன்தானே, சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க" என்று இந்த வயதுக் குழந்தைக்கு யாராவது சொன்னால், நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். இந்தக் குழந்தைக்குப் பக்கத்து நர்சிங் ஹோம் வேண்டாம். ராத்திரி மானிட்டரும், தேவைப்பட்டால் வென்டிலேட்டரும், அந்த எடையைக் கையாளத் தெரிந்த ஆட்களும் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அது ஆசாரிப்பள்ளத்தில் அந்த வாரம் கிடைத்தால் ஆசாரிப்பள்ளம், இல்லையென்றால் திருவனந்தபுரம்.

முழு மயக்கத்துக்குப் பதில் முதுகில் ஊசி போட்டுச் செய்தால் என்ன? சில மையங்களில் கைக்குழந்தைக்கும் அப்படிச் செய்கிறார்கள். ஏழு நாடுகளில் 722 குழந்தைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். முதல் அரை மணி நேரத்தில் மூச்சு நிற்பது முதுகு ஊசியில் 100க்கு 1, முழு மயக்கத்தில் 100க்கு 3. அதற்குப் பிறகு நிற்பதில் வித்தியாசம் இல்லை. குறைமாதப் பிறப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாக இருந்தது. ஆக முதுகு ஊசி போட்டாலும் ராத்திரிக் காவல் தேவை. அதே குழந்தைகளை ஐந்து வயதில் மறுபடி சோதித்தபோது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் புத்தி வளர்ச்சியைப் பாதித்ததாகத் தெரியவில்லை. மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகும் என்று பயமுறுத்தும் சித்தப்பாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

குறைமாதக் குழந்தைக்கு இடத்தைவிடக் காலம் முக்கியமாகிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், குழந்தையை என்.ஐ.சி.யூ.விலிருந்து அனுப்பும் முன்பே ஆபரேஷன் செய்தவர்களில் 28 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. மேலே சொன்ன கூட்டுத்தொகை 55 வாரம் தாண்டும் வரை பொறுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான். பொறுத்தவர்களில் சில குழந்தைகளுக்கு ஆபரேஷனே வேண்டியிருக்கவில்லை. "உடனே பண்ணணுமா, இன்னும் கொஞ்சம் வளர விடலாமா?" என்று சர்ஜனிடம் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாகாது, தைரியமாகக் கேளுங்கள். ஆனால் புடைப்பு திடீரென்று கல்லாகி, சிவந்து, குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் ஒப்பீடெல்லாம் கிடையாது. 108ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்தது குறட்டை விடும் பிள்ளை. டான்சிலும், மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். "ஊர்ல எல்லாருக்கும் பண்ணுறதுதான" என்பார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கூட்டம்தான். ஏனென்றால் இதில் இரண்டு வகைப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள். அடிக்கடி தொண்டை வலி வருகிறது என்று டான்சில் எடுக்கும் ஒன்பது வயதுப் பெண் ஒரு வகை. ராத்திரி தூக்கத்தில் மூச்சு அடைத்து, சில நொடி நின்று, திடுக்கிட்டு எழுந்து, வியர்த்துக் கொட்டும் இரண்டரை வயதுப் பையன் இன்னொரு வகை. இரண்டாமவனுக்குத் தொண்டையை வெட்டிய வீக்கம், மயக்க மருந்தின் மிச்சம், வலி மருந்து எல்லாம் சேர்ந்து முதல் ராத்திரி மூச்சை அமுக்கும். மூன்று வயதுக்குக் கீழே, அல்லது தூக்கத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே போகும் அளவுக்குக் கடுமையானது என்றால், ராத்திரி கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று அமெரிக்க ஈ.என்.டி. வழிகாட்டுதல் சொல்கிறது. டவுன் சிண்ட்ரோம், அதிக எடை, தாடையோ முகமோ பிறவியிலேயே வேறு மாதிரி இருப்பது, இவர்களும் அந்தப் பட்டியல்தான்.

உங்கள் பிள்ளை எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு, சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளை தூங்குவதைச் செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுங்கள். நெஞ்சும் முகமும் தெரிய வேண்டும். அதை மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். "நல்லா குறட்டை விடுவான் சார்" என்று வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

முதல் வகைப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரே மேல் என்பேன். காரணம் மூச்சு மட்டும் இல்லை: டான்சில் புண்ணில் பொருக்கு உதிரும்போது, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, ரத்தம் வரலாம். திருவனந்தபுரத்தில் செய்துவிட்டு இரண்டாம் நாள் குலசேகரத்துக்கோ அருமனைக்கோ திரும்பியவர்கள், ஏழாம் நாள் ராத்திரி வாயில் ரத்தத்தோடு யாரிடம் போவார்கள்? இரண்டாம் வகைப் பையனுக்கு பி.ஐ.சி.யூ. படுக்கை முன்பதிவு செய்த இடம்தான் வேண்டும். அங்கேயும் வலிக்குக் கோடீன், டிரமடால் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்க மருந்து ஆணையம் டான்சில் எடுத்த 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டையும் விலக்கியிருக்கிறது. சில உடம்புகள் இவற்றை வேகமாக மாற்றி மூச்சை நிறுத்தும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். வீட்டிலிருக்கும் பழைய இருமல் சிரப்பில்கூட கோடீன் இருக்கலாம், பாட்டிலைப் படித்துப் பாருங்கள்.

பிறந்த சில நாட்களிலேயே ஆபரேஷன் தேவைப்படுவது, பிறவி இருதயக் கோளாறு, நுரையீரல் ஆபரேஷன், தசை பலவீனம் இவற்றுக்கெல்லாம் ஒப்பிட ஒன்றுமில்லை. பெரிய மையம்தான். ஆபரேஷனுக்குப் பின் வென்டிலேட்டரில் வைப்பது இங்கே திட்டத்திலேயே இருக்கும், ஐ.சி.யூ. என்றதும் அழத் தேவையில்லை. திட்டமிட்டுப் போகும் ஐ.சி.யூ.வும் திடீரென்று போகும் ஐ.சி.யூ.வும் ஒன்றில்லை. இருதயக் கோளாறு, உதடு பிளவு போன்றவற்றுக்கு அங்கன்வாடி, பள்ளி மருத்துவக் குழு வழியாகப் போனால் அரசுத் திட்டத்தில் செலவு கிடைக்கும் வழி இருக்கிறது.

"சின்ன மயக்கம்தான்" என்று தியேட்டருக்கு வெளியே, மானிட்டர் இல்லாமல், ஊசி போட்டு ஏதாவது செய்வதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

இன்றா, இரண்டு வாரம் கழித்தா

இதுவும் ஒரு தேர்வுதான், இடத்தைத் தேர்வதைவிடக் கடினமானது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். சளியே இல்லாத நாள் பார்த்துக் காத்திருந்தால் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மயக்க டாக்டர்கள் பார்ப்பது இதை: மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடுகிறான் என்றால் பலர் செய்துவிடுவார்கள். காய்ச்சல், பச்சையாகக் கெட்டிச் சளி, நெஞ்சில் சத்தம், இழுப்பு, ஒரு வயதுக்குக் கீழே, குறைமாதம், இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப் போடுவார்கள். குறைந்தது இரண்டு வாரம், நெஞ்சுச் சளி என்றால் நான்கு, ஆறு வாரம் கூட ஆகலாம். தேதி தள்ளிப் போனால் டாக்டரைத் திட்டாதீர்கள். லீவு போட்டு வந்தோம், வேன் பேசி வந்தோம் என்று சளியை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்த மறைப்பால் மாட்டுவது பிள்ளையின் குரல்வளை.

இழுப்பு உள்ள பிள்ளைக்குக் காத்திருக்கும் நாட்களில் வேலை இருக்கிறது. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்க வைக்க வேண்டும். டான்சில் ஆபரேஷனுக்குச் சற்று முன், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்ததில், மூச்சுச் சிக்கல் 48 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைந்தது என்று 2019இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. மலிவான மருந்து, எந்த ஊரிலும் கிடைக்கும், "நெபுலைசேஷன் குடுப்பீங்களா?" என்று, மயக்கம் கொடுக்க உடம்பு தயாரா என்று ஃபிட்னஸ் பார்க்கும்போதே கேட்டுவிடலாம். வீட்டுப் புகையையும் குறையுங்கள். அப்பாவின் சிகரெட், கொசுவத்திச் சுருள், ரப்பர் ஷீட் காய வைக்கும் புகை, குளிப்பாட்டி முடித்ததும் பிள்ளையைக் காட்டும் சாம்பிராணி, எல்லாம் மூச்சுக்குழாய்க்கு ஒன்றுதான். சாம்பிராணி என்றால் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பட்டினி விஷயமும் மூச்சோடு சேர்ந்ததே. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் நேராக ஐ.சி.யூ.தான். பொதுவான கணக்கு: சோறு, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் ஆறு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம். உங்கள் மருத்துவமனையில் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து மறுநாள் மதியம் வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போடுவதும் தவறு, "பாவம் பிள்ளை" என்று ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுப்பதும் தவறு.

பணமும் வழியும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள ஆபரேஷனுக்குத்தான் அது செல்லும். களியக்காவிளையைத் தாண்டினால் செல்லுமா என்பதைப் போகும் முன் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரில் ஆபரேஷன் செலவை மட்டும் பேசாதீர்கள். எதிர்பாராமல் ஒரு நாள் பி.ஐ.சி.யூ. போனால் எவ்வளவு, வென்டிலேட்டர் போட்டால் எவ்வளவு என்றும் கேளுங்கள். பேக்கேஜில் அது சேராது என்று பிறகு தெரிந்தால் வயிறு எரியும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும்போது, மலிவாகத் தெரிந்த இடம் சில நேரம் மலிவாக இருக்காது.

ஃபிட்னஸ் பார்க்கப் போகும்போது மயக்க டாக்டரிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுப்பீர்களா, தெளிந்து வார்டுக்குப் போகும் வரை இருப்பீர்களா, ராத்திரி யார், பி.ஐ.சி.யூ. படுக்கை வேண்டியிருந்தால் இதே கட்டிடத்திலா, வெளியிலா? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று மட்டும் பதில் வந்தால், எனக்கு அது போதாது.

திருவனந்தபுரம்தான் என்று முடிவானால், டிஸ்சார்ஜ் ஆன அன்றே ராத்திரி ஊருக்குத் திரும்பாதீர்கள். குறட்டைப் பிள்ளையும் கைக்குழந்தையும் என்றால் அங்கேயே ஒரு லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். கார் இருக்கையில் தலை தொங்கித் தூங்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் மடங்கும், பின்னால் இருக்கும் அம்மாவும் அசதியில் தூங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தபின் நெஞ்சுக்குழி உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, முனகல், உதடு கறுப்பது, எழுப்பினால் சரியாக எழாதது, இவற்றைப் பாருங்கள். கொரோனா நேரத்தில் வாங்கி அலமாரியில் போட்டிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். பெரியவர் விரலுக்கான கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது, 85 என்றும் காட்டும், 99 என்றும் காட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ராத்திரி எடுக்கும் ஒரு போன் நம்பரும், நம் மாவட்டத்தில் அவசரத்துக்குப் போக வேண்டிய மருத்துவமனையின் பெயரும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.